சித்திரையில் வீசப்படும் பல்லாண்டுச் செடிகள்

டேலியா, ஜெரேனியம், ஜெர்பரா, பெட்டூனியா, சால்வியா, பிகோனியா ஆகிய பூச்செடிகள் புதுச்சேரியில் ‘சீசன் செடி’ என்ற ஒரே பெயரில் விற்பனையாகின்றன. மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது நர்சரிகளிலும் தெருவோரத் தள்ளுவண்டிகளிலும் வந்து இறங்கும் இவை, பிப்ரவரி வாக்கில் தாவரவியல் பூங்காவில் மலர், காய், கனிக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் வீட்டு மாடிகளிலும் பூத்து நிற்கும். பங்குனியில் இலை பழுக்கும். சித்திரையில் செடி குப்பைக்குப் போகும், தொட்டி மாடி மூலையில் கவிழும். இதை யாரும் இழப்பாக நினைப்பதில்லை. சீசன் செடி என்றால் அவ்வளவுதான், கடலோர வெயிலில் அது எப்படி நிற்கும், அடுத்த மார்கழிக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்பது விற்பவர், வாங்குபவர், தோட்டக்காரர் மூவருக்கும் பொதுவான முடிவு.

இந்த முடிவுக்குள் மூன்று கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவை ஓராண்டுச் செடிகள். இவற்றைக் கொல்வது வெயில். காப்பாற்றி வைத்தாலும் பயனில்லை. முதல் கூற்று தவறு. இரண்டாவது பாதி உண்மை, அந்தப் பாதியும் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது. மூன்றாவது, வேறு ஊர்களுக்கு எழுதப்பட்ட முறையை இங்கே செய்து பார்த்துத் தோற்றவர்கள் சொல்வது.

முதல் கூற்றை முடிக்க அதிக நேரம் தேவையில்லை. ஜெரேனியம் என்று இங்கே அழைக்கப்படும் பெலார்கோனியம் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியைச் சேர்ந்தது. சொந்த மண்ணில் அடித்தண்டு மரமாகிப் பல ஆண்டு வாழும். ஜெர்பராவும் தென்னாப்பிரிக்கப் பல்லாண்டுச் செடிதான். டேலியா மெக்சிகோ மேட்டு நிலத்துக் கிழங்குச் செடி. செந்நிற சால்வியாவும் எந்நாளும் பூக்கும் பிகோனியாவும் பிரேசிலில் ஆண்டுக்கணக்கில் வளர்பவை. ஓராண்டுச் செடி என்றால் விதைத்து, பூத்து, விதை முற்றியதும் தானாகச் சாவது. துலுக்கச் சாமந்தி, ஜினியா, காஸ்மாஸ், காசித்தும்பை ஆகியவை அந்த வகை. அவற்றைப் பிடுங்கி எறிவதில் தவறில்லை. இரண்டு கூட்டத்தையும் ஒரே வண்டியில் வைத்து ஒரே பெயரில் விற்பதால் இந்த வேறுபாடு அழிந்துபோனது. பல்லாண்டுச் செடி ஒரே ஆண்டில் செத்தால் அது அதன் ஆயுள் முடிந்ததால் அல்ல.

அப்படியென்றால் எது கொல்கிறது? ஜனவரியில் புதுச்சேரியின் பகல் வெப்பம் 29 பாகை செல்சியஸ் அளவிலும் இரவு 21 அளவிலும் இருக்கும். மே மாதத்தில் பகல் 37, 38-ஐத் தொடும். மேலைக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமானால் 40-ஐயும் தாண்டும். எல்லோர் கண்ணிலும் படுவது இந்தப் பகல் கணக்குதான். ஆனால் கேப் பகுதியிலும் கோடையில் வெயில் கடுமைதான். ஜெரேனியம் அதில் வளர்ந்த செடி. புதுச்சேரியில் அதற்குப் புதியது இரவு. கத்திரி நாள்களில் இங்கே இரவு வெப்பம் 27, 28-க்குக் கீழே இறங்குவதே அரிது, காற்றில் ஈரமும் குறையாது.

பகலில் இலை சர்க்கரை சேர்க்கிறது. இரவும் பகலும் செடி முழுவதும் சுவாசித்து அதைச் செலவழிக்கிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தாவர உடலியலின் பொதுக் கணக்கு. குளிர்ந்த இரவில் செடிக்கு மிச்சம் பிடிக்க முடிகிறது. புழுங்கும் இரவில் வரவுக்குச் செலவு சரியாகப்போகிறது, சில நாள் செலவு மிஞ்சியும் விடுகிறது. அந்த நிலையிலும் பூக்க முயலும் செடி கையிருப்பை மொட்டில் கொட்டிவிட்டு வேரைப் பட்டினி போடுகிறது. அதன் மேல் இரண்டு அடி விழுகிறது. ஒன்று, மொட்டை மாடியின் சுடுதளத்தில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. வெயில் படும் பக்கத்து வேர் அதில் வெந்தே போகும். இன்னொன்று, இலை வாடுவதைக் கண்டு ஊற்றப்படும் தண்ணீர். சூட்டில் வாடும் செடிக்கு மண் ஈரமாகவே இருக்கலாம். மேலும் ஊற்றினால் வேருக்குக் காற்றுப் போகாது, பூஞ்சை பிடிக்கும், அடித்தண்டு கறுத்து அழுகும். சித்திரையில் செத்துக் கிடக்கும் ஜெரேனியத்தைப் பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடியில் பெரும்பாலும் அந்தக் கறுப்பு இருக்கும். வெயில் கொன்றது என்று அதன் மீது எழுதப்படும் தீர்ப்பு அடித்தண்டைப் பார்க்காமல் எழுதப்பட்டது.

பூச்செடியை ஒரு கெட்ட பருவம் தாண்ட வைத்து மறுநடவுக்கு எடுப்பது ஐரோப்பாவில் மிகப் பழைய தொழில். வெர்சாய் அரண்மனையில் 1680-களில் ஆர்துவான்-மான்சார் கட்டிய ஆரஞ்சு மாளிகைக்குள் தொட்டி மரங்கள் அக்டோபரில் போகும், மே மாதத்தில் வெளியே வரும். மே 11, 12, 13 ஆகிய மூன்று புனிதர் நாள்கள் தாண்டாமல் மென்மையான செடியைத் தோட்டத்தில் நடக் கூடாது என்பது பிரெஞ்சுக் குடியானவர் வழக்கு. டேலியாக் கிழங்கைத் தோண்டி மணலில் புதைப்பதும், ஜெரேனியத்தை வேரோடு பிடுங்கி நிலவறையில் தலைகீழாகத் தொங்கவிடுவதும் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த வேலை. தோட்டக்கலை நூல்கள் வழியாகவும் இப்போது காணொளிகள் வழியாகவும் அதே பாடம் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது: இருட்டில் வை, தண்ணீரை நிறுத்து, வசந்தத்தில் நடு.

இந்தப் பாடம் அங்கே பலிப்பதற்கு முழுக் காரணம் குளிர். 8 பாகையில் கிடக்கும் கிழங்கு மிக மெதுவாகச் சுவாசிக்கிறது; இருட்டும் வறட்சியும் அதனால்தான் அதைக் கெடுப்பதில்லை. அதே கிழங்கைப் புதுச்சேரி வீட்டின் ஸ்டோர் ரூமில் 28 பாகையில் வைத்தால் மேற்சொன்ன கணக்குப்படி செலவு நான்கு மடங்கு. ஆறு மாதத்துக்குப் போதுமான கையிருப்பு ஆறேழு வாரத்தில் கரையும், கிழங்கு சுருங்கிச் சருகாகும். தொங்கவிட்ட ஜெரேனியத்தின் கதியும் அதுவே. மே 12-ஐ நம்பித் தொட்டியை வெளியே எடுப்பவர் கத்திரியின் நடுவில் எடுக்கிறார். முயன்றும் பிழைக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் இந்த வழியில் முயன்றவர்கள். அவர்களுடைய தோல்வியிலிருந்து புதுச்சேரியின் தட்பவெப்பத்தைப் பற்றி எதுவும் முடிவுகட்ட முடியாது. வெர்சாயின் நிலவறை புதுச்சேரியில் இல்லை என்பது மட்டுமே அதில் தெரிகிறது.

கெட்ட பருவத்தைத் தாண்ட வைக்கும் கலை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. தமிழ்நாட்டுச் செவ்வந்தி விவசாயி ஆண்டுதோறும் நர்சரியில் பூத்த தொட்டிகளை வாங்கி வயலில் நடுவதில்லை. பூப் பறித்து முடிந்ததும் செடியை அடியோடு ஒட்ட வெட்டுவார். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து ஜூன், ஜூலையில் நடுவார். பனிக்காலத்துக்குப் பூ வரும். மல்லிகைக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் என்று கவாத்துக்கு நாள் வைத்திருக்கிறார்கள். பூ குறையும் காலத்தில் மல்லிகையை அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டி இலை உதிர்த்து ஓய்வு கொடுப்பதால்தான் பங்குனி தொடங்கிக் கொத்துக் கொத்தாக மொட்டு வருகிறது. பூக்காத மாதங்களில் செடியை எப்படி வைத்திருப்பது என்ற அறிவு புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டுக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு பூக்கூடைக்குப் பின்னாலும் இருக்கிறது. மாடித் தோட்டம் மட்டும் அந்த அறிவை வெளிநாட்டுச் செடிக்குப் பொருந்தாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. செவ்வந்தியும் ஒரு காலத்தில் சீனத்திலிருந்து வந்த வெளிநாட்டுச் செடிதான்.

புதுச்சேரிக்கு இந்தக் கேள்வியில் தனி உறவும் உண்டு. 1826-ல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா, வெளியிலிருந்து வரும் செடிகளில் எவை இந்த மண்ணில் நிற்கும் என்று வைத்துப் பார்க்கும் இடமாகவும் இருந்தது. அதன் வரலாற்றில் முதன்மையான பெயரான தாவரவியலாளர் சாமுவேல் பெரோத்தே 1870-ல் இந்த ஊரிலேயே இறந்தார். பிரெஞ்சுக்காரர் பகுதியின் மதில்களில் வழியும் காகிதப்பூ, பூகேன்வீலின் கடற்பயணத்தில் உடன் சென்ற கொமெர்சோன் 1767-ல் ரியோ டி ஜெனிரோவில் கண்டெடுத்தது. பாரிசில் அதே செடி தொட்டியில் நிற்கும், அக்டோபரில் கண்ணாடிக் கூடத்துக்குள் போகும். அங்கே காகிதப்பூவுக்குக் காட்டும் அக்கறையை இங்கே ஜெரேனியத்துக்குக் காட்டினால் போதும். மாதங்கள்தான் மாறும்.

மாற வேண்டிய மாதங்கள் எவை? இங்கே தாண்ட வேண்டியவை பங்குனி முதல் ஆடி வரையான புழுக்கமும், ஐப்பசி, கார்த்திகை மழையும். முதலாவதற்கு இருட்டு உதவாது, ஒளி வேண்டும். காலை பத்து மணி வரை வெயில், பிறகு நிழல், நாள் முழுக்கக் காற்று. கிழக்குப் பார்த்த சுவரோரம் இதற்கு முதல் தரமான இடம். தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் அடுத்தது. இரண்டும் இல்லாத மாடியில் பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையைத் தலைக்கு மேல் நல்ல உயரத்தில் கட்டலாம். தாழக் கட்டினால் வலைக்குக் கீழே அனல் தேங்கும். தொட்டி மண்ணால் செய்ததாக இருக்க வேண்டும். சிறு தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் மணல் நிரப்பி அந்த மணலை மட்டும் நனைத்து வந்தால் வேர்ப்பகுதி சூடேறாது.

வேலை மாசியிலேயே தொடங்க வேண்டும், செடி பூத்துக் குலுங்கும்போதே. இதைச் செய்ய மனம் வராததுதான் பெரும்பாலான இழப்புக்குக் காரணம். ஜெரேனியத்தில் பூவில்லாத கிளை நுனியை விரல் நீளம் வெட்டி, சில மணி நேரம் நிழலில் ஆறவைத்து, கழுவிய ஆற்று மணலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்விடும். இரவுப் புழுக்கம் வருவதற்குள் வேர் பிடித்துவிட்ட இளங்கன்று, அதன் தாய்ச் செடியைவிட எளிதாகக் கோடையைத் தாண்டும். தண்டு தடித்த தாய்ச் செடிக்குச் சுமக்க வேண்டிய திசு அதிகம், இலை குறைவு. கன்றுக்கு இலை அதிகம், சுமை குறைவு. சால்வியாவுக்கும் பிகோனியாவுக்கும் இதே வழி. தாய்ச் செடியை மூன்றில் ஒரு பங்கு விட்டு வெட்டி அதையும் வைத்துக்கொள்ளலாம். அது போனாலும் வம்சம் போகாது.

அதன் பிறகு ஆடி வரை செய்ய வேண்டியதைவிடச் செய்யாமலிருக்க வேண்டியதே அதிகம். உரம் வேண்டாம். வரும் மொட்டையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். செவ்வந்திக்கு இது மிக முக்கியம். புதுச்சேரி 12 பாகை அட்சரேகையில் இருப்பதால் ஆண்டின் நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. நெடும்பகலில்தான் பூப்பதை நிறுத்தும் அந்தச் செடி இங்கே எந்த மாதத்திலும் குட்டையாகவே மொட்டுவிடப் பார்க்கும். தண்ணீரை விடியற்காலையில், மண்ணுக்குள் விரல் விட்டு மேல்மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். கடலை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை பூக்கும். ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு விடுவது சிக்கனம் போலத் தெரியும். வடித்தெடுத்த உப்பைத்தான் அது வேருக்குக் கொண்டுபோகிறது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய விட்டு உப்பை அடித்துளை வழியே வெளியேற்றலாம். கோடையில் செஞ்சிலந்தியும் மாவுப்பூச்சியும் வரும். இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவுவதும் வேப்பெண்ணெய்க் கரைசலும் பெரும்பாலும் போதும்.

டேலியாவுக்கு முறை வேறு, உறுதியும் குறைவு. சித்திரையில் இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டிக் கழுவிக் காயவைப்பது இங்கே வீண் வேலை. தண்டை வெட்டிவிட்டுத் தொட்டியோடு நிழலில் வைத்து, மண் முற்றும் காய்ந்துவிடாமல் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் நனைத்தால் சுருக்கம் குறையும். ஆடி, ஆவணியில் முளை வரும். அந்த முளையை வெட்டி வேர்விடச் செய்து புதிய செடியாக்குவது கிழங்கையே நம்பியிருப்பதைவிட நல்லது. தட்டு அளவு பூக்கும் ராட்சத வகைகள் இந்த ஊரின் கோடையில் பெரும்பாலும் அழுகிவிடும். ஓரடுக்குப் பூ வகைகளும் சிறு பந்து வகைகளும்தான் உழைப்புக்கு ஏற்றவை. பெட்டூனியாவை எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்துவிடலாம். அதுவும் பல்லாண்டுச் செடிதான் என்றாலும் பிசுபிசுத்த மென்தண்டு புழுக்கத்தில் நிற்பதில்லை. விதையிலிருந்து எளிதாக வருவதைக் காப்பாற்றப் பாடுபடுவதில் பொருளும் இல்லை.

இனி மூன்றாவது கூற்று. காப்பாற்றிய செடி அடுத்த ஆண்டு நெட்டையாக வளர்ந்து நாலு பூ பூக்கும், அதற்குப் புதியதே மேல் என்கிறார்கள். வெட்டப்படாத பழைய செடியைப் பொறுத்தவரை இது முழு உண்மை. மேலே சொன்ன வழியில் மார்கழிக்கு வந்து சேர்வது பழைய செடி அல்ல, ஒன்பது மாத வயதுள்ள கன்று. கடையில் கிடைப்பதைவிட வேர் பரந்தது. கடைச் செடி பெரும்பாலும் பெங்களூர், ஓசூர் பக்கத்து மேட்டு நிலத்தில் குளிர்ந்த இரவுகளில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையில் வளர்ந்தது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து வந்ததும் செடி மொட்டு உதிர்ப்பதும், நார்க்கழிவு மழையில் ஊறிக் கிடந்து பிறகு காய்ந்தால் தண்ணீரையே உள்வாங்காமல் போவதும் வாங்கியவர்களுக்குத் தெரிந்ததே. செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணில் உள்ளூரிலேயே வேர்விட்ட கன்றுக்கு இந்த இடமாற்றத் துன்பம் இல்லை.

விலை மலிவுதானே என்ற வாதம் இன்னும் மெலிந்தது. மலிவாகக் கிடைப்பது அந்த ஆண்டு வண்டியில் வந்த நிறம் மட்டும். பிடித்த ஒரு இளஞ்சிவப்பு ஜெரேனியம் அடுத்த ஆண்டு அதே நர்சரிக்கு வரும் என்று எந்த உறுதியும் இல்லை; கலப்பின வகையில் விதை எடுத்து வைத்தாலும் அதே நிறம் வராது. கிளைத்துண்டு ஒன்றுதான் அதைத் தக்கவைக்கும். ஆண்டுதோறும் வாங்குவது நர்சரிக்காரருக்கு லாபம், அதில் பழி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வியாபாரத்துக்கு வசதியான பழக்கத்தைத் தட்பவெப்ப விதியாகச் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை.

கோடையைத் தாண்டிய செடிகளில் பல மழையில் போகின்றன. உண்மையான ஆபத்து அங்கேதான் அதிகம், அதைப் பற்றிப் பேச்சோ மிகக் குறைவு. புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது, அதுவும் சில நாள்களில் மொத்தமாக. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த நீர் தேங்கிய தொட்டியில் ஜெரேனியத்துக்குப் பிழைப்பில்லை. எனவே புரட்டாசி முடிவதற்குள் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, அடித்துளைகளைக் குச்சியால் குத்திச் சரிபார்த்து, ஒளி வரும் பிளாஸ்டிக் தாளால் மேலே மட்டும் கூரை போட வேண்டும். பக்கங்கள் திறந்திருந்தால்தான் பூஞ்சை வராது. புயல் எச்சரிக்கை வந்தால் தாளைக் கழற்றிவிட்டுத் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள்ளோ கைப்பிடிச் சுவரின் காற்று மறைவிலோ தரையில் நெருக்கி வைக்க வேண்டும்.

வெயிலுக்கு மாற்றுவதும் புது மண்ணில் நடுவதும் மழை விட்ட பிறகு. மழை விட்டதாகக் கார்த்திகை தீபத்தோடு முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் தானே புயல் 2011-ல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது டிசம்பர் 30-ல். கூரையைப் பொங்கல் வரை பிரிக்காமல் வைத்து, மார்கழியில் அதன் அடியிலேயே தொட்டி மாற்றி, ஒருமுறை நுனி கிள்ளி, இலேசாக உரமிட்டு வந்த செடி, தை பிறந்து முழு வெயிலுக்கு வந்ததும் மொட்டு வைக்கத் தொடங்கும்.